ஓட்டையைப் பார்க்க ஒரு படகு

எங்கள் ஊர்த் தோணியில் ஓட்டை விழுந்தது. அவ்வளவுதான் விஷயம். ஒரு பலகை, கொஞ்சம் தார், ஒரு தச்சர், ஒரு காலைப்பொழுது. முடிந்திருக்க வேண்டிய வேலை. இதை வைத்துக்கொண்டு பெரிய மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று யாராவது முன்பே கேட்டிருந்தால், 'கூட்டம் போட்டு டீ குடிப்பாங்க, வேற என்ன' என்று சொல்லியிருப்பேன். நீர்வழி வாரியத்தில் ப்யூனாகத் தலை நரைத்தவன் நான். அந்த ஆபீஸைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஊருக்கு நடுவே கால்வாய் போகிறது. இந்தக் கரையில் அக்கா வீடு. கல்யாணம் காட்சி எதுவும் இல்லாத நானும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கரையில், நேர் எதிரே, அக்கா மகள் வீடு. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பிள்ளைகள் அவளைக் கண்டால் நடுங்குவார்கள் என்றெல்லாம் சொல்கிறார்கள். எங்களுக்கு அவள் இன்னும் பாப்பாதான். தோணி ஓடிய காலத்தில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அக்கா அக்கரைக்குப் போவாள், மகளைப் பார்த்துவிட்டுப் பால் பொங்குவதற்குள் திரும்பிவிடுவாள் என்று அத்தான் கிண்டல் செய்வார். தோணி நின்ற பிறகு, பஸ் பிடித்து, ஊரைச் சுற்றி, எங்கோ இருக்கிற பாலத்தில் ஏறி இறங்கிப் போய்ச் சேர அரை நாள் ஆனது. அந்த நேரம் பார்த்துத்தான் பாப்பா உண்டாகியிருந்தாள்.

பஸ் குலுங்கல் ஆகாது என்று பாப்பாவுக்கு டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு முழங்கால் வலி. ஆகவே சாயங்காலமானால் அக்கா கரையில் நின்று துண்டை ஆட்டுவாள். எதிர் மாடியில் பாப்பா நின்று போர்வையை ஆட்டுவாள். போனில் பேசலாம்தான். பேசவும் செய்தார்கள். ஆனால் போனில் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியுமா என்று அக்கா கேட்டாள்.

“குழந்தை பொறக்கும்போது நான் அவ பக்கத்துல இருக்கணும். அதுக்குள்ள தோணி ஓடணும். எப்படின்னு எனக்குத் தெரியாது,” என்று அக்கா சொன்னாள். அத்தானைப் பார்த்து ஆரம்பித்து, என்னைப் பார்த்து முடித்தாள்.

அக்காவின் கணக்கில் வாரியமே என் கையில் இருந்தது. தினமும் நான் கொடுக்கிற டீயைத்தானே குடிக்கிறார்கள் என்பது அவள் கட்சி. வேறு வழியில்லாமல் அத்தானை அழைத்துக்கொண்டு போனேன்.

அத்தானுக்குக் குஷன் கடை. சோபாவோ, பஸ் சீட்டோ, டாக்டர் வீட்டு நாற்காலியோ, எது கிழிந்தாலும் அவரிடம்தான் வரும். பரம சாது. கோட்டு போட்ட ஆள் எதிரே வந்தால் தன்னாலே கையைக் கட்டிக்கொள்வார். அவரை வாசலில் இருந்த பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே சொல்லப் போனேன்.

அந்தப் பெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. வாரியத்தில் அதில் உட்கார்ந்திருப்பவர்தான் பொதுமக்கள். உட்காராதவர் பொதுமக்கள் ஆக மாட்டார். ஒருமுறை கால் வலிக்கிறதே என்று நான் உட்கார்ந்தபோது, பொறியாளர் ஓடிவந்து, “எந்திரிப்பா, நீ ஊழியன், பொதுமக்கள் இல்ல,” என்று எழுப்பிவிட்டார். அதிலிருந்து துடைப்பதோடு சரி.

தலைவர் அத்தானைக் கூப்பிட்டுப் பொறுமையாகக் கேட்டார். அவரைக் குறை சொல்லக் கூடாது, யார் என்ன சொன்னாலும் கேட்பார். கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“ஓட்டைன்னு நீங்க சொல்றீங்க. வாரியம் அதை நேர்ல பார்க்கணுமில்லையா? ஓட்டை எங்க இருக்கு? தோணிக்கு அடியில. அடியில இருக்கறதைத் தண்ணியிலேர்ந்துதான் பார்க்க முடியும். தண்ணிக்குப் போகணும்னா படகு வேணும். நம்மகிட்ட படகு இருக்கா? இல்ல. நீர்வழி வாரியத்துக்கே படகு இல்லைன்னா, ஊர்ல தோணி ஓட்டையாகாம என்ன செய்யும்?”

அத்தான் கையைக் கட்டிக்கொண்டே, தோணியைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருப்பதாகவும், பக்கத்தில் போய் நின்றாலே ஓட்டை தெரிவதாகவும், அதற்குள் ஒரு பூனை குடியிருப்பதாகவும் சொன்னார்.

தலைவர் வருத்தத்தோடு சிரித்தார். கரையில் கிடப்பது எதுவும் வாரியத்தின் எல்லைக்குள் வராதாம். கரையில் நின்று பார்த்தால் அது வேடிக்கை, தண்ணீரில் நின்று பார்த்தால்தான் அது ஆய்வு. அத்தானுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் பெரிய மனிதர் சிரிக்கிறாரே என்று அவரும் சிரித்துவைத்தார்.

அன்று மதியமே படகுக் கம்பெனிக்காரர் வந்துவிட்டார். யார் சொல்லி வந்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். டீக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வழவழவென்ற தாளில் பெரிய பெரிய படங்கள். நீலத் தண்ணீர், வெள்ளைப் படகு, மேல்தட்டில் சாய்வு நாற்காலி, அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு தம்பதி. கீழே உல்லாசப் படகு என்று எழுதியிருந்தது. தலைவர் பேனாவை எடுத்து, உல்லாச என்பதை அடித்துவிட்டு ஆய்வு என்று எழுதினார். ஆட்சேபணைக்குரியது வேறு எதுவும் படத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்.

விலையை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் அத்தானைப் போலக் குடிக்கத் தண்ணீர் கேட்பீர்கள்.

இவ்வளவு விலைக்கு ஒன்றை வாங்குவதற்கு முன்னால் அதன் மதிப்பை எடைபோட ஒரு குழு வேண்டும் என்பது விதி. தலைவர், பொறியாளர், கணக்கு அதிகாரி, பொதுமக்களில் ஒருவர். அந்த ஒருவர் இல்லாமல் கூட்டம் போட்டால் செல்லாது. பொறியாளர் கதவைத் திறந்து பெஞ்சை எட்டிப் பார்த்தார். அங்கே, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப இருந்த அத்தான் உட்கார்ந்திருந்தார்.

இப்படித்தான் எங்கள் வீட்டு மனிதர் குழு உறுப்பினர் ஆனார். ஆனதும் முதல் வேலையாகத் தோணி விஷயம் என்னாயிற்று என்று கேட்டார். உறுப்பினராக இருப்பவர் மனு கொடுக்கக் கூடாது என்றார்கள். அப்படியானால் உறுப்பினர் பதவி வேண்டாம் என்றார். அவர் விலகினால் குழு கலைந்துவிடும், குழு கலைந்தால் அடுத்த கூட்டம் வரைக்கும் எந்த விஷயமும் எடுக்க முடியாது, தோணியோ நிகழ்ச்சி நிரலில் கடைசி விஷயம், படகு முதல் விஷயம் என்று பொறியாளர் விளக்கினார். சுருக்கமாகச் சொன்னால், படகு வந்தால்தான் பலகை வரும்.

வீட்டுக்கு வரும் வழியில் அத்தான் என் தோளில் கைபோட்டார். “மாப்ள, நாம படகைச் சீக்கிரம் வாங்கவெச்சுட்டா போதும். தோணி தானா வந்துடும்,” என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. அந்த ஆபீஸில் ஒரு நாள் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் படும்.

முதல் கூட்டத்தில் கணக்கு மேடம் பேசினார். எதிலும் நியாயம் பார்க்கிறவர். பென்சிலைக்கூடப் பாதியாக உடைத்து ஆளுக்கொன்று தருவார்.

“எந்தப் பொருளுக்கும் தனியா மதிப்பு கிடையாது. இன்னொண்ணோட வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும்,” என்றார். அத்தான் முகம் மலர்ந்தது. தோணியோடு வைத்துப் பார்க்கலாமே, ஒரு பலகைதானே செலவு என்றார். மேடம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “விலை குறைஞ்சதோட வெச்சுப் பார்த்தா படகு விலை அதிகமாத் தெரியுமே. அது படகுக்கு நாம செய்யற அநியாயம் இல்லையா?”

பிறகு ஒரு விமானத்தின் விலையை விசாரித்து வரச் சொன்னார்கள். விமானத்தோடு வைத்துப் பார்த்தபோது படகு சும்மா கிடைத்த மாதிரி இருந்தது. விமானம் வாங்காமல் விட்டதில் வாரியத்துக்கு எக்கச்சக்க மிச்சம் என்று மேடம் அறிவித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நானும் தட்டினேன். அந்த மிச்சத்தில் படகுக்குக் கம்பளம் விரிக்கலாம் என்று தலைவர் சொன்னார். சிக்கனமாக இருந்தவர்களுக்குக் கால் மெத்தென்று இருக்கக் கூடாதா என்று கேட்டார்.

இரண்டாவது கூட்டத்தில்தான் சிக்கல் வந்தது. பயன்படுத்திப் பார்க்காத பொருளை வாங்கக் கூடாது என்று ஒரு விதி. வாங்காத பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்று இன்னொரு விதி. இரண்டிலும் ஒரே கையெழுத்துதான், தலைவருடையது. அவர் தன் இரண்டு கையெழுத்துகளையும் மாறி மாறிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கடைசியில் பொறியாளர் வழி கண்டுபிடித்தார். படகு இல்லாமலே பயணம் போய்ப் பார்ப்பது.

மறுநாள் கூட்ட அறையில் மேஜையை ஓரம் தள்ளினோம். பைல் கட்டுகளை ஏற்றுகிற நாலு சக்கர வண்டி ஒன்று இருக்கிறது. அதன் மேல் தலைவரின் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டினோம். மற்றவர்கள் பின்னால் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். காற்றுக்கு மேஜை விசிறி. சாரலுக்கு ஒரு வாளியும் குவளையும். அலை நான்தான். வண்டியை ஆட்டி ஆட்டித் தள்ள வேண்டும், அதே நேரம் தண்ணீரும் தெளிக்க வேண்டும். டைப்பிஸ்ட் அம்மா ஜன்னலோரம் நின்று கரையாக இருந்தார். படகு நகர்ந்ததும் கணக்கு மேடம் அவருக்கு டாட்டா காட்டினார். ஒருநாளும் பேசிக்கொள்ளாத இரண்டு பேர், அன்றைக்குக் கண் கலங்கிவிட்டார்கள்.

நான் வேலையில் கொஞ்சம் ஈடுபாடு காட்டிவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு சுற்று முடிவதற்குள் தலைவர் முகம் வெளுத்துவிட்டது. குமட்டுகிறது, கரைக்கு ஒதுக்கு என்றார். டைப்பிஸ்ட் அம்மா பக்கம் ஒதுக்கினேன். தலைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிறிது நேரம் இருந்தார். கம்பெனிக்காரர் பதறிப்போய், தங்கள் படகில் இந்த அலை எல்லாம் வராது, இது ஆபீஸின் கோளாறு என்றார். அதுவும் படகின் மதிப்பில் சேர்ந்தது.

“பொதுமக்கள் என்ன நினைக்கிறாங்க?” என்று தலைவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

அத்தான் எழுந்தார். படகைப் பற்றி அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அவ்வளவு நேரமும் அவர் பார்வை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். தலைவர் நாற்காலியில் ஸ்பாஞ்ச் அமுங்கிப்போயிருக்கிறது, உட்கார்ந்தால் கட்டை இடிக்கும், அதனால்தான் ஐயாவுக்கு இந்தச் சங்கடம் என்றார்.

தலைவர் மெதுவாக எழுந்து வந்து அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்த வாரியத்துல என் முதுகைப் பத்தி யோசிச்ச முதல் ஆள் நீங்கதான்,” என்றார்.

அன்றிலிருந்து அத்தான் தரையில் நடக்கவில்லை. தலைவர் அவரைத் தோழர் என்று கூப்பிட்டார். ஆபீஸில் அவருக்கு மட்டும் டீக்கு மூடி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. என் அக்கா புருஷனுக்கு நான் மூடி போட்டுக் கொடுத்தேன். அவரும் என்னை யாரோ மாதிரி பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். கட்டிக்கொண்டே இருந்த கைகள் இப்போது முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. தோணி பற்றி அவர் கேட்பதும் குறைந்துபோனது.

அக்கா கேட்டாள். தினமும் கேட்டாள். பாப்பாவுக்கு வயிறு பெரிதாகி, மாடியில் நின்று போர்வையை ஆட்டினால் மூச்சு வாங்குகிறது என்று கைத்துண்டுக்கு மாறிவிட்டாள். அந்தச் சின்னத் துண்டு இந்தக் கரையிலிருந்து சரியாகத் தெரியவில்லை. அக்கா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பாள். ஒருநாள் பாப்பா வந்தாளா இல்லையா என்றே தெரியாமல் இருட்டும் வரைக்கும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இதற்குள் படகுக்குள் யார் எங்கே உட்காருவது என்ற பேச்சு ஆரம்பித்திருந்தது. வாரியத்தில் ஒரு பழக்கம். மேலே இருப்பவர் அறை, கீழே இருப்பவர் அறையைவிட நீளமாக இருக்க வேண்டும். அறைகளும் ரயில் பெட்டி மாதிரி ஒன்றையடுத்து ஒன்று. நடைபாதை கிடையாது. பெஞ்சைத் தாண்டினால் கணக்கு மேடம் அறை, அதைத் தாண்டினால் பொறியாளர் அறை, அதையும் தாண்டினால்தான் தலைவர். தலைவர் அறைக்கு மட்டும் ஒரு பின்கதவு. மனு கொடுக்க யாராவது வந்துவிட்டால் அவர் நழுவிப் போவதற்கு. படகும் அப்படியே இருக்க வேண்டும், தண்ணீரில் போனாலும் ஒழுங்கு மாறக் கூடாது என்று முடிவானது.

பொதுமக்களுக்கு முன்பக்கம் ஒரு முக்காலி போதும் என்றார் பொறியாளர். அதற்குத் தக்க மேடத்துக்கு ஓர் அறை, அதைவிடக் கொஞ்சம் நீளமாகப் பொறியாளருக்கு, அதைவிட நீளமாகத் தலைவருக்கு என்று கம்பெனிக்காரர் படம் போட்டுக் காட்டினார். படகு அடக்கமாகத்தான் இருந்தது.

அத்தான் தொண்டையைச் செருமினார். முக்காலி வேண்டாம், ஒரு சோபா போடலாம், பொதுமக்கள் காலை நீட்டி உட்காரலாம் என்றார். பாவம், தொழில் புத்தி. தலைவரும் தோழர் சொன்னால் சரி என்றுவிட்டார். சோபா வந்ததும் அது மேடத்தின் அறையைவிட நீளமாகிவிட்டது. மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். மேடத்தின் அறையை நீட்டினார்கள். அது பொறியாளர் அறையைத் தாண்டிவிட்டது. அதை நீட்டினார்கள். அது தலைவரைத் தொட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் அறையையும் நீட்டினார்கள். கம்பெனிக்காரர் ஒவ்வொரு முறையும் சந்தோஷமாகப் பழைய படத்தைக் கிழித்துப் போட்டுப் புதிதாக வரைந்தார். கடைசிப் படம் ஒரு தாளில் அடங்கவில்லை. இரண்டு தாளை ஒட்டி நானும் டைப்பிஸ்ட் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம்.

இவ்வளவு நீளம் கால்வாயில் திரும்புமா, கால்வாயின் அகலம் என்ன என்று கம்பெனிக்காரரே ஒரு பேச்சுக்குக் கேட்டார். பொறியாளருக்கு அது பிடிக்கவில்லை. “கால்வாய் எங்களோடது. எங்களோடதை நாங்க ஏன் அளக்கணும்? அடுத்தவங்க பொருளைத்தான் அளந்து வாங்கணும்,” என்றார்.

அன்று வீட்டில் அத்தான் சாப்பிட உட்கார்ந்ததும் சோபாவைப் பற்றி ஆரம்பித்தார். கருநீல ரெக்சின், உள்ளே அழுத்தமான ஸ்பாஞ்ச், தைப்பது தானேதான் என்றார். அக்கா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டாள்.

“உங்க பொண்ணு அங்க தனியா வயித்தைத் தூக்கிட்டு மாடி ஏறி எறங்கறா. நீங்க சோபாவுக்குக் கலர் பார்க்கறீங்க. தோணி கேட்டு அனுப்பினா உங்களையே அங்க வெச்சுக்கிட்டாங்களே, அது உங்களுக்குத் தெரியலையா?”

கத்தவில்லை. கத்தியிருந்தால் அத்தான் சமாளித்திருப்பார். அவர் கை முதுகுப் பக்கத்திலிருந்து முன்னால் வந்து, பழையபடி கட்டிக்கொண்டது. ஆனால் அதற்குள் படகுக்கு ஆர்டர் போயாகிவிட்டது.

படகு வந்த நாள், ஊரே கரையில் நின்றது. பேண்டு வாத்தியம், மாலை, கொடி. தலைவர் வருகிறார் என்று பஸ்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். காலையில், நானும் அத்தானும் படகுக்குக் கிளம்பிப் போன பிறகு, பாப்பா வீட்டுக்காரர் அக்காவுக்குப் போன் செய்தார். வலி எடுத்துவிட்டது, டாக்டரும் நர்ஸும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள், பாப்பா அம்மா அம்மா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். பஸ் இல்லை. ஆட்டோ இல்லை. பாலத்துக்குப் போகிற சாலையில் மாலையும் கையுமாக ஆட்கள் நின்றார்கள். அவள் திரும்பி வந்து, கவிழ்த்துப் போட்ட தோணிக்குப் பக்கத்தில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எதிரே பாப்பா வீடு. மாடியில் யாரும் இல்லை. என் அக்கா அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் படகில் இருந்தேன், டீக்காக. அத்தான் முன்பக்கச் சோபாவில் இருந்தார். காலை நீட்டவில்லை. ஜன்னல் வழியாக அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் மேல்தட்டில் ஏறி மைக்கைப் பிடித்தார். “ஒரு சாதாரண மனுஷன், ஒரு சாதாரண ஓட்டையைப் பத்தி என்கிட்ட சொன்னார். நான் சும்மா விட்டேனா? இல்ல. அதைப் பார்க்க ஒரு படகையே வாங்கினேன். நாளைக்கு இன்னொரு ஓட்டை விழட்டும். அதையும் வந்து பார்ப்பேன். ஊர் முழுக்க ஓட்டை விழட்டும், ஒவ்வொண்ணையும் பார்ப்பேன்,” என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். மாலை போட்டாயிற்று. ஓட்டையை இப்போதே பார்க்கப் போகிறோம், தோணித்துறைக்கு நேரே படகைத் திருப்புங்கள் என்று உத்தரவு கொடுத்துவிட்டு, லேசாகக் குமட்டுகிறது என்று தன் அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். படகு அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது.

படகோட்டி ஒருமுறை தலையைச் சொறிந்தார். பிறகு திருப்பினார்.

முன்பக்கம் மெல்ல எங்கள் கரையைப் பார்த்து வந்தது. வந்துகொண்டே இருந்தது. அக்கா பின்னால் நகர்ந்தாள். பூனை வெளியே குதித்து ஓடியது. படகின் மூக்கு தோணியின் மேல் ஏறி, மளமளவென்று நொறுக்கி, கரைச் சேற்றில் புதைந்து நின்றது. அதே நேரம் பின்பக்கத்திலும் ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், பின்பக்கம் அக்கரைப் படியில் செருகிக்கொண்டிருந்தது. படகோட்டி முன்னே ஓட்டிப் பார்த்தார், பின்னே ஓட்டிப் பார்த்தார். அசையவில்லை. பேண்டு வாத்தியம் நின்றது. பொறியாளர் மைக்கை எடுத்து, படகு இரண்டு கரைகளையும் ஒரே நேரத்தில் ஆய்வு செய்கிறது, எந்தக் கரைக்கும் பாரபட்சம் இல்லை என்று அறிவித்தார். அதற்கும் சிலர் தட்டினார்கள்.

அத்தான் எழுந்தார். யாரையும் கேட்கவில்லை. முன்கதவைத் திறந்து, குனிந்து, கையை நீட்டினார்.

“ஏறு,” என்றார்.

அக்கா அவர் கையைப் பார்த்தாள். பிறகு படகின் நீளத்தைப் பார்த்தாள், கடைசி வரைக்கும். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, ஒரே எட்டில் ஏறிவிட்டாள்.

சோபாவைத் தாண்டி நேரே மேடத்தின் அறைக்குள் போனாள். பின்னாலேயே நாங்கள். மேடம் நிமிர்ந்து, முன்கூட்டிச் சொல்லாமல் வரக் கூடாது என்று ஆரம்பித்தார். மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று அக்கா சொன்னதும் மேடம் தன் மேஜையைத் தானே இழுத்து வழி விட்டார். பொறியாளர் மேல்தட்டில் மைக்கோடு இருந்ததால் அவர் அறையில் தடை இல்லை. கடைசிக் கதவை அக்கா தட்டவில்லை.

தலைவர் நீளமான கட்டிலில், வழிக்குக் குறுக்கே காலை நீட்டி, நெற்றியில் ஈரத்துணியோடு, கண்ணை மூடிப் படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறக்காமலே, “மனு எல்லாம் திங்கக்கிழமை,” என்றார்.

“மனு இல்லைங்க. கொஞ்சம் காலை மடக்கிக்கங்க, நான் அந்தப் பக்கம் போகணும்,” என்றாள் அக்கா.

தலைவர் காலை மடக்கினார். எத்தனையோ வருஷமாக அவரிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். கேட்ட உடனே அவர் செய்து கொடுத்தது அது ஒன்றுதான்.

அக்கா பின்கதவைத் திறந்தாள். எதிரே அக்கரைப் படி. இறங்கி, பையோடு, பாப்பா வீட்டு வாசலைப் பார்த்து ஓடினாள். அத்தான் அவள் பின்னால் செருப்பில்லாமல் ஓடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், தலைவர் அறைக்குள் வரிசை நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாலை கொண்டுவந்தவர்கள், சைக்கிளைத் தோளில் தூக்கின ஒருவர். மாதக்கணக்கில் சுற்றிப் போனவர்கள். காலை மடக்கிக்கங்க சார், காலை மடக்கிக்கங்க என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். நீட்ட நேரமே கிடைக்காமல் தலைவர் எழுந்து நின்றுவிட்டார்.

பெண் குழந்தை. அக்கா பக்கத்தில் இருந்தாள். பாப்பாவின் கையை அவள் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் பிறந்தது. இப்போது வீட்டில் யாரைப் பாப்பா என்று கூப்பிடுவது என்று ஒரே குழப்பம்.

அடுத்த கூட்டத்தில் கடைசி விஷயத்தை எடுத்தார்கள். தோணியே இல்லாததால் ஓட்டையும் இல்லை, ஆகவே குறை தீர்ந்தது என்று முடித்தார்கள். முதல் விஷயம்தான் தலைவலியாகிவிட்டது. படகை எடுத்தாக வேண்டும். வாரியத்தின் ஆய்வுப் படகில் காலையில் பால்காரர் நடக்கிறார், மதியம் பிள்ளைகள் நடக்கிறார்கள், கம்பளம் போன இடம் தெரியவில்லை. எடுத்தால் வாங்கின விலைக்கு என்ன மதிப்பு, எடுக்காவிட்டால் வாரியத்துக்கு என்ன மதிப்பு என்று எடைபோட ஒரு குழு வேண்டும். தலைவர், பொறியாளர், கணக்கு மேடம், பொதுமக்களில் ஒருவர்.

அந்த ஒருவர்தான் கிடைக்கவில்லை. அத்தான் ஆபீஸ் இருக்கிற தெருவுக்கே வருவதில்லை. மற்றவர்களும் உஷாராகிவிட்டார்கள். மனு கொடுக்க வருகிறவர்கள்கூட நின்றுகொண்டே கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முடியாதவர்கள் சுவரில் சாய்ந்துகொள்கிறார்கள். பொறியாளர் பெஞ்சுக்கு மெத்தை போட்டுப் பார்த்தார். விசிறி வைத்துப் பார்த்தார். ஒருவரும் அண்டவில்லை. நான் காலையில் துடைத்தது சாயங்காலம் வரைக்கும் அப்படியே பளபளவென்று இருக்கிறது.

போன வாரம் தலைவரே வெளியே வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“நீயாவது கொஞ்சம் உட்காரேன்பா.”

“நான் பொதுமக்கள் இல்லையே சார்,” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆபீஸைப் பூட்டிக்கொண்டு, குழந்தையைப் பார்க்க அக்கரைக்குக் கிளம்பினேன். படகு வழியாகத்தான். தலைவர் அறை வந்ததும், இத்தனை வருஷப் பழக்கம் விடுமா, கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைந்தேன்.